ஒரு சுளகு பருப்பு

டக் என்று விழுந்தால் கடலைப்பருப்பு. சத்தமில்லாமல் ஒதுங்கினால் துவரம்பருப்பு. அடுப்படியில் முக்காலி போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சவரிமுத்துவுக்கு விரல் மட்டும்தான் வெங்காயத்தில் இருந்தது. காது முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில் இருந்தது. அங்கே அவருடைய மகள் ஜெசிந்தா பாயில் உட்கார்ந்து, சுளகில் கலந்து கிடக்கும் பருப்பை இனம் பிரித்துக்கொண்டிருந்தாள். கடலையைப் பொறுக்கி எவர்சில்வர் கிண்ணத்தில் போடுவாள். துவரையைச் சுளகிலேயே ஓரமாகத் தள்ளிவிடுவாள். டக். ஒரு மூச்சு. டக். டக். நல்லது, இரண்டு சேர்ந்தாற்போல் விழுகிறது, இன்றைக்குக் கை சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அவர் நினைத்த மாத்திரத்தில் சத்தம் நின்றது. நின்றதும் அவர் விரலும் நின்றது. உதட்டுக்குள் மங்கள வார்த்தை செபம் தானாக ஓட ஆரம்பித்தது. பக்தியில் இல்லை, கணக்குக்காக. மாதாவே தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மங்கள வார்த்தை சொல்லி முடிக்கும் நேரம் சத்தம் வராவிட்டால் பிள்ளை தலையைச் சொறிகிறாள், முடியை ஒதுக்குகிறாள் என்று அர்த்தம். இரண்டு சொல்லும் நேரம் என்றால் தண்ணீர் குடிக்கிறாள். மூன்றாவது சொல்லும்படி பருப்பு பொறுக்கத் தொடங்கிய இந்த இருபத்து மூன்று நாளில் ஒரு தடவைதான் ஆனது, அன்றைக்கு அவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள், அவருக்கோ பாதி உயிர் போய் வந்தது. "...எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தை மட்டும் அவர் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவார், குழி கிடக்கும் இடத்தை டிரைவர் தாண்டுவது போல. டக். விழுந்துவிட்டது. அவர் வெங்காயத்துக்குத் திரும்பினார். நாலு மாதத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், ஜெசிந்தா தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அந்த வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. "அன்னைக்கு" என்பார்கள், அவ்வளவுதான்.

மதுரையில் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே விஷயம். "கூடவே இருங்கய்யா. ஆனா காவல் இருக்காதீங்க." சவரிமுத்து தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். வத்தலக்குண்டு தாண்டும்வரை பஸ்ஸில் அதையே யோசித்தார். கூட இருப்பதற்கும் காவல் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் ஆள் அங்கேயேதானே நிற்க வேண்டும்? முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் தலையை எண்ணுவது. ஏறினவன் எத்தனை, இறங்கினவன் எத்தனை, படியில் எத்தனை. எண்ணிக்கை சரியாக இருந்தால் நிம்மதி. அதையே வீட்டிலும் செய்தார். அவள் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் உள்தாழ்ப்பாளைத் திருப்புளி வைத்துக் கழற்றினார். வீட்டிலிருந்த எதையெதையெல்லாமோ ஒளித்தார். கடைசியில் பிலோமினா ஒரு தோசைக்கரண்டி வேண்டுமென்றால்கூடப் புருஷனிடம் கேட்டு வாங்கும்படி ஆனது. பால்கனிக் கம்பி பக்கம் போக முடியாதபடி பூந்தொட்டி ஏழு, பழைய சைக்கிள் ஒன்று, சிமெண்டு மூட்டை ஒன்று என்று அடைத்தார். துணி காயப்போட பிலோமினா தொட்டியை நகர்த்தினால், அவள் திரும்பியதும் மறுபடியும் அடைத்துவிடுவார். மூன்றாவது மாடியில் சிமெண்டு மூட்டை எதற்கு என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டதற்கு, மராமத்து இருக்கிறது என்றார். பொய்யில்லை. ஆனால் ஒரு நாள் ஜெசிந்தா முகத்தைத் திருப்பாமலேயே, "போலீஸ் மாதிரி நிக்காதீங்கப்பா. மூச்சு முட்டுது," என்றாள். அன்றோடு அவர் கூடத்தில் நிற்பதை விட்டார். அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதோடு சரி. பாப்பா, மணி என்னாச்சு? பாப்பா, பெருங்காயம் எங்க இருக்கு? பாப்பா, வெளிய யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே? ஒரு காலைக்கு மூன்று கேள்வி என்று அளவு வைத்திருந்தார். நாலாவது கேட்டால் அவளுக்குப் புரிந்துவிடும். இன்றைக்கு மணி பத்தரைதான் ஆகிறது, மூன்றும் தீர்ந்துவிட்டது. பெருங்காய டப்பா அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. இரண்டு மணி வரையில், சத்துணவு மையத்திலிருந்து பிலோமினா திரும்பி வரும்வரையில், இந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

பருப்பு கலந்ததுகூட அவருடைய சாமர்த்தியத்தில் நடந்ததல்ல. முட்டாள்தனத்தில் நடந்தது. அடுப்படிப் பக்கமே வராத ஆள். பிலோமினா வேலைக்குப் போனால் சோறு வடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று நுழைந்தவர், கடையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து நீல மூடி டப்பாவில் கொட்டினார். மஞ்சளாக இருக்கிறது, டப்பாவிலும் மஞ்சளாக இருக்கிறது, பிறகென்ன? கடலைப்பருப்பைத் துவரம்பருப்பில் கொட்டியிருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. சாம்பார் வைக்க டப்பாவைத் திறந்து பருப்பைக் கழுவப் போனபோதுதான், பின்னால் ஒரு குரல். "என்னப்பா இது?" ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதமாக அறையை விட்டுத் தானாக வெளியே வராத பிள்ளை, தண்ணீருக்கு வந்தவள், அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டையும் கலந்துட்டீங்க. ஒண்ணு வேகும், ஒண்ணு வேகாது. தள்ளுங்க." தள்ளுங்க என்றாள். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த ஒரு சொல்லில் பழைய ஜெசிந்தா இருந்தாள், வார்டில் நாலு பேரை வேலை வாங்கின நர்ஸ் ஜெசிந்தா. சுளகை எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்தில் உட்கார்ந்தவள் இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அன்று இரவெல்லாம் சவரிமுத்து உத்தரத்தைப் பார்த்தபடி யோசித்தார். விடிந்து பால் பாக்கெட் எடுக்க எழுந்தபோது, திருடன் கணக்காகப் பூனைநடை நடந்து, நீல டப்பாவில் ஒரு டம்ளர் கடலைப்பருப்பைத் தானே கொட்டி நன்றாகக் குலுக்கி வைத்தார். பிறகு முகம் கழுவி, சிலுவை போட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்கு அவள் டப்பாவைத் திறந்தாள், உற்றுப் பார்த்தாள். சுளகை எடுத்தாள்.

அப்புறம் தினமும் அதே கதை. விடியற்காலை அவர் கலப்பார், பகலில் அவள் பிரிப்பாள். பிரித்ததை மறுநாள் விடியலில் மறுபடியும் கலப்பார். இதில் என்ன இருக்கிறது என்று வெங்காயத் தோல் நகக்கண்ணில் ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். ஒரு வேலையைச் செய்து முடித்தால் அது முடிந்திருக்க வேண்டாமா? படித்த பிள்ளை, ஊசி போடும்போது நரம்பைத் தேடாமல் ஒரே குத்தில் பிடிக்கிற விரல், அந்த விரலைப் பருப்பு பொறுக்க வைத்து ஏமாற்றுகிற தகப்பன் உலகத்தில் வேறு எங்காவது இருப்பானா? டக். இருக்கட்டும். தான் மட்டும் என்ன பண்ணினோம்? திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம், பெரியகுளத்திலிருந்து திண்டுக்கல். போன வண்டி திரும்பி வந்தது, வந்த வண்டி மறுபடி போனது. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வண்டி எங்கே போய்ச் சேர்ந்தது? எங்கேயும் சேரவில்லை. ஆனால் ஏறினவர்கள் இறங்கினார்கள். கல்யாணத்துக்குப் போனவள், கோர்ட்டுக்குப் போனவன், பூ மூட்டையோடு நிலக்கோட்டையில் ஏறுகிற கிழவி, எல்லோரும் அவரவர் இடத்தில் இறங்கிப் போனார்கள். டக். இந்தப் பருப்பிலும் அப்படி ஏதாவது இறங்கிக்கொண்டிருக்குமோ என்னவோ. பிலோமினாவிடம் அவர் எதையும் சொல்லவில்லை. அவள் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள் என்பது, அடுத்த வாரம் அவள் மளிகைச் சாமானோடு அரைக்கிலோ கடலைப்பருப்பு கூடுதலாக வாங்கி வந்து அவர் கண்ணில் படும்படி வைத்தபோதுதான் தெரிந்தது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அவரை மெச்சிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

டக். டக். நகம் எரிந்தது. சின்ன வெங்காயம் உரிப்பதில் ஒரு சௌகரியம், கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஜெசிந்தாவிடம் மட்டும் யாரும் காரணம் கேட்காமலா இருந்தார்கள்? சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. டெங்குக் காய்ச்சலோடு வந்த ஏழு வயசுப் பெண்பிள்ளை ஒன்று, ஜெசிந்தாவின் வார்டில், அவளுடைய ஷிஃப்டில், அவள் பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் போய்விட்டது. விசாரித்தார்கள். இவள்மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் தாய் சட்டையைப் பிடிக்கவில்லை, சபிக்கவில்லை. வராந்தாவில் நின்று மெதுவாக, "நீ எங்கம்மா இருந்த?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அதை ஜெசிந்தா இங்கே வந்து ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்போது அவர் என்ன செய்தார்? பெரிய ஞானி மாதிரி, "எல்லாம் கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும், போய்ப் படு," என்றார். அவள், "சரிப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்," என்று எழுந்து போனாள். அந்த நாளைக்குத்தான் ஆடி மாதத்து அந்த மத்தியானம். அதற்குப் பிறகு நாளைக்கு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை. சவரிமுத்து கவனித்துக்கொண்டே இருந்தார். இப்போ என்பாள், அப்புறம் என்பாள், பார்க்கலாம் என்பாள். நாளைக்கு என்று சொல்வதில்லை. அவரும் அவளிடம் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. நாளைக்கு என்ன குழம்பு வைக்கலாம் பாப்பா என்று கேட்டு, அவள் பதில் சொல்லாமல் சும்மா இருந்துவிட்டால்? அந்த மௌனத்தை வாங்கிக்கொள்ள அவரிடம் தெம்பு இல்லை.

டக். டங். அவர் தலையைத் தூக்கினார். என்னமோ இடித்தது. சத்தம் சரியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது, அதிலே குறையில்லை. குறை இல்லாததுதான் குறை. தினமும் என்ன ஆகும்? ஆரம்பத்தில் கிண்ணம் காலியாக இருக்கும், பருப்பு நேராக உலோகத்தில் விழும், டங்கென்று கேட்கும். அரைமணி நேரத்தில் அடி மூடிக்கொள்ளும். அப்புறம் பருப்பின்மேல் பருப்பு விழும் சத்தம், தப் என்று, மணலில் விழுவது போல. முக்கால் மணிக்கு மேல் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் கேட்கும். இன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் டங்கென்று விழுகிறது. அப்படியானால் கிண்ணம் நிறையவில்லை. போடுகிறாள், நிறையவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். சவரிமுத்து, நிதானமாக யோசி. காலையில் எவ்வளவு கடலை கலந்தாய்? ஒரு டம்ளர். கலந்தாயா? கலந்தேன். எப்போது? பால் பாக்கெட் எடுத்து வந்தபோது. பால் பாக்கெட்... பாக்கெட்டில் ஓட்டை இருந்தது. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சொட்டிக்கொண்டே வந்தது. துணியைத் தேடினார், துடைத்தார், பிலோமினா எழுந்து வந்து, "ஒரு பாக்கெட்டை ஒழுங்கா எடுத்துட்டு வரத் தெரியுதா உங்களுக்கு?" என்றாள். துணியை அலசினார். தரையை இன்னொரு தடவை துடைத்தார். அப்புறம்? அப்புறம் காபி. நீல டப்பாவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறதே, உள்ளங்கையில் மூடி வழுக்கியதே? அது நேற்று. நேற்றா? டம்ளரால் அள்ளினது? அது எப்போதோ. டம்ளர்! கலந்த பிறகு டம்ளரைத் தொட்டியில் போட்டுவிடுவது அவர் வழக்கம். எட்டிப் பார்த்தார். தொட்டி காலி. நேற்று மாலை பிலோமினா கழுவிக் கவிழ்த்த இடத்தில், கவிழ்த்த வாக்கிலேயே இருந்தது டம்ளர். கலக்கவில்லை. இன்றைக்குப் பருப்பைக் கலக்கவே இல்லை.

அப்படியானால் அங்கே விழுவது என்ன? டங். நீல டப்பாவில் இருப்பது வெறும் துவரம்பருப்பு, நேற்று அவளே பிரித்துப் போட்டது. பிரிக்க ஒன்றுமே இல்லாத சுளகை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரமாக அவள் என்ன செய்கிறாள்? அலமாரியைப் பார்த்தார். நீல டப்பா இருந்த இடம் காலி, அது சரி, அது தினமும் அவளோடு போகும். அதற்குப் பக்கத்தில், கடலைப்பருப்பு இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் காணோம். அதை எதற்கு எடுத்துக்கொண்டு போனாள்? கண்ணாடிப் பாட்டில். கண்ணாடி! இதை எப்படி ஒளிக்காமல் விட்டோம், நாலு மாதமாகக் கண்முன்னால் நின்றதே. டங். காலையில் பிலோமினாவை மாடிப்படி வரைக்கும் அனுப்பிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவள் உட்கார்ந்திருந்தாள், முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகத்தைப் பார்த்தோமா? பார்க்கவில்லை. டங். ஒரே பிடிப் பருப்பைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதுதான் நிறையவில்லை. சத்தம் கேட்டால் அப்பா வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தத்தைக் கொடுத்து அவரை இங்கே முக்காலியில் கட்டிப் போட்டிருக்கிறாள். ஐயோ, இதை யோசிக்காதே என்று தொடையில் அடித்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கும் ஒரு சத்தம் இருந்ததே. அன்றைக்குக் குளியலறையில் குழாய்ச் சத்தம். தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருந்தது. துணி துவைக்கிறாள், நல்லது, வேலை செய்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, செருப்பை மாட்டி, டீக்கடைக்குப் போனார். பஸ்ஸின் பின்படியில் நின்றுகொண்டே முன்படியில் யார் ஏறினார் என்று காதால் கண்டுபிடிக்கிற ஆள் என்று டெப்போவில் பேர் வாங்கினவர். அந்தக் காதைத்தான் நம்பிப் போனார். டீ குடித்தார். பேப்பர் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் ஏதோ சொன்னதற்குச் சிரித்தார். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோதும் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் கூடத்துக்கு வந்திருந்தது. நீ எங்கம்மா இருந்த? நீ எங்கே இருந்தாய், சவரிமுத்து? டீக்கடையில் இருந்தேன். இன்றைக்கு எங்கே இருக்கிறாய்? அடுப்படியில். வெங்காயம் உரிக்கிறேன். நடுவில் ஒரு செங்கல் சுவர், அவ்வளவுதான். எழுந்து போய்ப் பாரேன். போய்ப் பார்த்து, அவள் சும்மா உட்கார்ந்திருந்தால்? போலீஸ் மாதிரி வந்துட்டீங்களா என்று அந்த முகம் மறுபடியும் மூடிக்கொண்டால்? இருபத்து மூன்று நாள் உழைப்பும் போகும். போய்ப் பார்க்காமல் இருந்தால்? டங். கேட்கிறது அல்லவா. கேட்கும்வரையில் இருக்கிறாள். கேட்டால் இருக்கிறாள் என்றுதானே அன்றைக்கும் நினைத்தாய்.

சத்தம் நின்றது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினார். வெளியே மேகம் கூடி, அடுப்படி ஜன்னல் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் செபம் முடிந்தது. தலையைச் சொறிகிறாள். சொறியட்டும். இரண்டாவது. தண்ணீர் குடிக்கிறாள். செம்பு வைக்கிற சத்தம் வர வேண்டும், இதோ வரும். வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது. தரையில் எதையோ தேய்த்து நகர்த்தும் சத்தம், கரகரவென்று, கனமான மண்சாமான். பூந்தொட்டி. மூன்றாவது செபத்தில் அந்தக் குழியான இடம் வந்தபோது அவரால் தாண்ட முடியவில்லை. அங்கேயே நின்றுவிட்டார். எழுந்தார். ஒரு கால் மரத்துப்போயிருந்தது. தட்டு கவிழ்ந்து வெங்காயம் நாலா பக்கமும் உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, மரத்த காலை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பாய் இருந்தது. சுளகு இருந்தது. ஆள் இல்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. அவர் அடைத்து வைத்திருந்த தொட்டிகள் இரண்டு பக்கமும் ஒதுக்கப்பட்டு நடுவில் வழி இருந்தது. வழியின் முடிவில், கம்பியை ஒட்டி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குதிகால் தூக்கி, இரண்டு கைகளையும் மேலே உயர்த்தியபடி ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். பாப்பா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். மாதாவே என்று கத்த நினைத்தார். முப்பத்தொரு வருஷம் படியில் தொங்கினவர்களுக்காகவும், ஓடி வந்து ஏறினவர்களுக்காகவும், கைப்பிள்ளையோடு இறங்கினவர்களுக்காகவும் வண்டியை நிறுத்தச் சொல்லிப் போட்ட சத்தம்தான் அடிவயிற்றிலிருந்து எழும்பி வெளியே வந்தது.

"ஹோல்டான்!"

கீழே தெருவில் போன ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். ஜெசிந்தா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் தோளில் சவரிமுத்துவின் வேட்டியும் பிலோமினாவின் இரண்டு சேலையும் கிடந்தன. கையில் துணிக் கொடியின் கவ்வி. மழை தூறத் தொடங்கியிருந்தது. அவள் முன்முடியில் நாலு துளி நின்றது. அவரைப் பார்த்தாள். மரத்த காலும், கன்னத்தில் ஒட்டின வெங்காயத் தோலும், விசில் அடிக்கிற மாதிரி வாயருகே போன கையுமாக நின்ற அப்பாவைப் பார்த்தாள். முதலில் மூக்கில் ஒரு காற்று வந்தது. பிறகு சிரித்துவிட்டாள். ரொம்ப நேரமில்லை, இரண்டு விநாடிதான். நாலு மாதத்தில் அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதில்லை. சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். அழுகை வந்தது, இப்போது வெங்காயம்தான் என்று சொல்லக்கூட வழியில்லை.

"துணி நனையுதுப்பா. அதான் எடுக்க வந்தேன்," என்றாள் அவள். சிரிப்பு போய்விட்டிருந்தது. துணியை நாற்காலியில் போட்டுவிட்டு வந்து அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "இப்படி அடிக்குது. பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். பாப்பா, நீ இங்க... பருப்பு..." வார்த்தை கோர்வையாக வரவில்லை. "நான் இன்னைக்குக் கலக்கலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் மணிக்கட்டை விடவில்லை. உதடு அசையாமல் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தெரியும். காலையில திறந்து பார்த்தேன். வெறும் துவரையா இருந்துச்சு. பால் கொட்டுன அவசரத்துல மறந்துட்டீங்க போலன்னு நினைச்சேன்."

"பிறகு?"

"பிறகென்ன. பாட்டிலை எடுத்துட்டு வந்து நானே கலந்துக்கிட்டேன்."

அவர் பாயைத் திரும்பிப் பார்த்தார். சுளகுக்குப் பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் பத்திரமாக நின்றது. கிண்ணத்தைக் காணோம். கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான எவர்சில்வர் தாம்பாளம், கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் அடுக்குகிற பெரிய தாம்பாளம். கடலைப்பருப்பு அதில் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடப்பட்டு, மீதி இடம் பளபளவென்று காலியாகக் கிடந்தது.

"இது எதுக்கு? கிண்ணம் எங்க?"

ஜெசிந்தா கையை விட்டாள். கூச்சப்பட்டாற்போலத் தாம்பாளத்தைப் பார்த்தாள். "கிண்ணத்துல பாதி ஆனதும் சத்தம் வர மாட்டேங்குது. நீங்க அங்க வெங்காயத்தை வச்சுக்கிட்டு உரிக்காம உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியாதாப்பா? நீங்க உரிக்கிறப்ப தோலு சரசரன்னு கேக்கும். நின்னா எனக்கும் கேக்கும்." பிறகு மெதுவாக, "தட்டுன்னா கடைசி வரைக்கும் கேக்கும்ல," என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு காது இருந்திருக்கிறது. இருபத்து மூன்று நாளாக அவர் வெங்காயத் தோலை நிறுத்தும்போதெல்லாம் இவளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு மாத்திரை சாப்பிடுகிற கிழவனுக்கு என்ன ஆயிற்றோ என்று. அவர் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது, பயமும் போகவில்லை. பயம் இனி எப்போதும் முழுசாகப் போகாது என்று தெரிந்தது. அது போகாவிட்டாலும் கைக்கு வேலை இருக்கிறது. அவள் அவரைத் தோளில் தாங்கி எழுப்பிக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தாள். சுளகைத் தனக்கும் அவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள்.

"ஒரு பக்கம் நீங்க பாருங்க. கடலை பெருசா இருக்கும், ஒரு முனை லேசா மூக்கு மாதிரி கூம்பியிருக்கும். துவரை தட்டையா வட்டமா இருக்கும்."

அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பெரியதாகவும் இருந்தது, வட்டமாகவும் இருந்தது. தாம்பாளத்தில் போட்டார். டங். ஜெசிந்தா அதை எடுத்துச் சுளகின் ஓரத்தில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தார். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தங்கியது. வெளியே மழை வலுத்தது. கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது; அவர்கள் இருவரும் பொறுக்கினார்கள். சுளகில் பாதிகூட ஆகவில்லை. சவரிமுத்துவுக்குத் தொண்டையில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு மூன்று கேள்வியும் தீர்ந்துவிட்டது, இது நாலாவது. கேட்காமலே இருந்துவிடலாம். இப்படியே இந்தப் பருப்பு தீரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம். அவர் ஒரு பருப்பைக் கையில் உருட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், சுளகைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு யாரு கலக்குறது பாப்பா?"

அவள் விரல் நின்றது. சத்தம் நின்றது. அருள் நிறைந்த மரியே. மழை மட்டும் கேட்டது. ஒன்று முடிந்தது. இரண்டாவது பாதியில் இருக்கும்போது அவள் விரல் நீண்டு வந்து, அவர் கையிலிருந்த பருப்பை வாங்கிப் பார்த்து, சுளகின் ஓரத்தில் வைத்தது.

"நீங்கதான்," என்றாள் ஜெசிந்தா. "மறந்துறாதீங்க."